வரி இலாகாவிலிருந்து கடிதம் வந்தால்



நம் கடைகளில் கல்லாப்பெட்டிக்குக் கீழே ஓர் இழுப்பறை இருப்பது வழக்கம். வாடகைச் சீட்டு, மின்சார பில், ஊரிலிருந்து வந்த கலியாணப் பத்திரிகை, காலாவதியான லைசென்ஸ் ஆகிய யாவும் அதில் கிடக்கும். வருமான வரி இலாகாவிலிருந்து வரும் கடிதமும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேருகிறது. "வரி ஆபீஸ் கடிதமா? அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். அப்புறம் என்பது பல சமயங்களில் வருவதே இல்லை.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்ல வேண்டும். அவர் சூலியாத் தெருப் பக்கம் பல்லாண்டு கடை வைத்திருந்தவர். 1966-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-ம் ஆண்டின் முடிவோடு நீங்கியபோது, ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களை விட்டு வெளியேறிய நம்மவர்களுள் அவரும் ஒருவர். கடையைப் புறநகருக்கு மாற்றினார்; சரக்கு கொடுப்பவர்களுக்கெல்லாம் புது விலாசத்தைச் சொன்னார்; வரி இலாகாவுக்கு மட்டும் சொல்லவில்லை. வியாபாரம் நஷ்டத்தில் ஓடியதால், 'வருமானமே இல்லாதபோது பாரம் எதற்கு?' என்று எண்ணி இரண்டு மூன்று ஆண்டுகள் கணக்கும் அனுப்பவில்லை. கடிதங்கள் பழைய வாசலுக்கே போய்க்கொண்டிருந்தன. பிறகு ஒரு நாள், ஊரில் தங்கை மகளின் நிக்காஹுக்குப் புறப்பட்டு பாயான் லெபாஸ் விமான நிலையத்தில் நின்றபோது, "நீங்கள் நாட்டைவிட்டு வெளியேற முடியாது" என்று குடிநுழைவு அதிகாரி சொல்லிவிட்டார். வரிப் பாக்கிக்காகப் பிறப்பிக்கப்பட்ட தடை அது. நிக்காஹ் அவர் இல்லாமலே நடந்தது.

அவர் செலுத்த வேண்டியிருந்த வரி உண்மையில் மிகச் சொற்பமே. அவரை நிறுத்தியது வரியைக் காட்டிலும், படிக்கப்படாத கடிதமே. ஆகவே, வரிக் கடிதத்தைப் படிப்பது எப்படி, அதற்குப் பதில் தருவது எப்படி என்பதை இப்பாடத்தில் ஒழுங்காகப் பார்ப்போம்.

கடிதம் ஏன் வருகிறது?

இந்நாட்டில் வருமான வரிச் சட்டம் 1947-ல் இயற்றப்பட்டு 1948 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஆட்சி செலுத்துவது 1967-ம் ஆண்டின் வருமான வரிச் சட்டமாகும். வரி வசூலிப்பது 1996 மார்ச் 1 முதல் லெம்பாகா ஹாசில் டாலம் நெகிரி என்னும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் பொறுப்பு. பழக்கத்தால் நாம் இன்னும் 'இலாகா' என்றே சொல்லுகிறோம். இக்கட்டுரையிலும் அவ்வாறே வழங்குவோம்.

முன்னாளில் நாம் விவரம் கொடுப்போம். அதிகாரி கணக்குப் போட்டு வரியைச் சொல்லுவார். அந்த முறை கம்பெனிகளுக்கு 2001-லும் தனிநபர்களுக்கு 2004-லும் மாறியது. இப்போது கணக்குப் போடுபவர் நாமே. ரசீதுகளைப் பாரத்தோடு அனுப்புவதில்லை. நம் சொல்லை நம்பி இலாகா ஏற்றுக்கொள்ளுகிறது. அதற்குப் பதிலாக, பின்னொரு நாளில் "ஆதாரத்தைக் காட்டுங்கள்" என்று கேட்கும் அதிகாரத்தை அது வைத்திருக்கிறது. ஆகையால் கடிதம் வந்தாலே நம்மைக் குற்றவாளி என்று கருதிவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான கடிதங்கள் ஒரு கேள்வியையே கேட்கின்றன. கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் அதைக் குற்றமாக்குகிறது.

அனுப்பியவர் யார்?

கடித உறையிலும் தலைப்பிலும் உள்ள பெயரை முதலில் பார்க்க வேண்டும். வரி என்ற பெயரில் நம் வாசலுக்கு வரும் தபால் நான்கு இடங்களிலிருந்து வரலாம். வருமான வரி உள்நாட்டு வருமான வரி வாரியத்தினுடையது. விற்பனை, சேவை வரி சுங்க இலாகாவினுடையது. 12 மாத விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் சாப்பாட்டுக் கடைகள் சேவை வரிக்காக அங்கே பதிய வேண்டும். நில வரி மாநில நில அலுவலகத்தினுடையது. வீட்டு வரி பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தினுடையது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. 'தக்சிரான்' என்ற மலாய்ச் சொல்லுக்கு மதிப்பீடு என்று பொருள். மாநகர் மன்றத்தின் வீட்டு வரி பில்லிலும் அச்சொல் வரும். வருமான வரி அறிவிப்பிலும் அதே சொல் வரும். வீட்டு வரி கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, 'தக்சிரான்தான் கட்டிவிட்டோமே' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கடிதத்தில் பார்க்க வேண்டிய ஐந்து

அரசாங்கக் கடிதங்கள் மலாயில் வருகின்றன. பேச்சு மலாய் நம் கடைகளில் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அலுவலக மலாய் நம் பெரியவர்களில் பலருக்குப் புதிது. கீழ்க்கண்ட சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் கடிதம் விளங்கிவிடும்.

1. தாரிக் என்றால் தேதி. கடிதம் எழுதிய தேதி ஒன்று. பதில் தர வேண்டிய கடைசித் தேதி மற்றொன்று. இரண்டையும் அடிக்கோடிடுக. கடிதம் நம் கையில் கிடைத்த தேதியை உறையின்மேல் நாமே எழுதி, உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துக.

2. ருஜுக்கான் என்றால் கடித எண். பதிலில் இதைக் குறிப்பிடாவிட்டால் நம் பதில் உரிய கோப்பில் சேராமல் போகலாம். நம் வருமான வரி எண்ணும் அருகிலேயே இருக்கும். தனிநபர் எண்கள் 2023 முதல் 'ஐ.ஜி.' என்ற எழுத்துகளில் தொடங்குகின்றன.

3. தாஹுன் தக்சிரான் என்றால் மதிப்பீட்டு ஆண்டு. கடிதம் வந்த ஆண்டைப் பற்றியதாகவே கேள்வி இருக்கும் என்று எண்ணலாகாது. சென்ற ஆண்டு வந்த கடிதம் அதற்கு மூன்றாண்டுக்கு முந்திய கணக்கைக் கேட்கலாம்.

4. செக்ஷென் என்றால் சட்டப்பிரிவு. இலாகா எந்த அதிகாரத்தின்கீழ் எழுதுகிறது என்பதை இது காட்டும். ஆலோசனை கேட்கப் போகும்போது இந்த எண்ணைச் சொன்னால் விஷயம் உடனே விளங்கும்.

5. கடிதம் நம்மிடம் கேட்பது என்ன? 'டோக்குமென் சொக்கோங்கான்' என்றால் ஆதாரப் பத்திரங்கள். 'துங்காக்கான்' என்றால் பாக்கி. 'அன்சுரான்' என்றால் தவணை. 'ராயுவான்' என்றால் மேல்முறையீடு.

கையொப்பம் இல்லையே என்று கடிதத்தை ஒதுக்கிவிடவும் கூடாது. கணினியில் அச்சாவதால் கையொப்பம் தேவையில்லை என்று அடியில் அச்சிட்டிருப்பார்கள்.

எந்தக் கடிதத்திற்கு என்ன பதில்?

முதலாவது, கணக்குப் பாரம் வரவில்லை என்னும் நினைவூட்டல். சம்பளம் மட்டும் பெறுவோர் 'பி.இ.' பாரத்தை ஏப்ரல் 30-க்குள்ளும், வியாபாரம் உடையோர் 'பி' பாரத்தை ஜூன் 30-க்குள்ளும் சேர்ப்பிக்க வேண்டும். மின்வழி அனுப்புவோருக்கு 15 நாள் சலுகை ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்டு வருகிறது. பாரம் அனுப்பாதவருக்கு 200 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நஷ்டம் என்பது பாரம் அனுப்பாததற்குச் சமாதானம் ஆகாது. நஷ்டத்தை எழுதி அனுப்பினால்தான் அது நஷ்டம் என்று இலாகாவுக்குத் தெரியும். எழுதாவிட்டால், அதிகாரி தமக்குத் தெரிந்தவரை ஒரு தொகையை ஊகித்து வரி விதிக்கலாம். நாம் முதலில் சொன்ன பெரியவருக்கு நேர்ந்தது அதுவே.

இரண்டாவது, 'சி.பி. 500' என்னும் தவணை அறிவிப்பு. வியாபார வருமானம் உடையோர் நடப்பு ஆண்டின் வரியை முன்கூட்டியே இரு மாதத்திற்கு ஒரு தவணையாக ஆறு தவணைகளில் கட்டுமாறு இது சொல்லுகிறது. பழைய ஆண்டின் வருமானத்தைக் கொண்டு இத்தொகை போடப்படுவதால், இவ்வாண்டு வியாபாரம் குறைந்திருந்தால் அதிகமாகத் தோன்றும். அப்பொழுது பேசாமல் கட்டாமல் விட்டால், கட்டாத தவணைக்கு நூற்றுக்கு 10 கூடும். அதற்குப் பதிலாக, ஜூன் 30-க்குள் 'சி.பி. 502' பாரத்தை அனுப்பித் தொகையைத் திருத்தக் கேட்கலாம். ஆனால் தொகையை அளவுமீறிக் குறைத்துச் சொல்லிவிட்டால், ஆண்டு முடிவில் அதற்கும் தண்டத் தொகை உண்டு.

மூன்றாவது, ஆதாரம் கேட்கும் கடிதம். இதைக் கண்டு அஞ்சுவோரே அதிகம். ஆனால் ரசீதுகளை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு இது மிக எளியது. கேட்டதை, கேட்ட வரிசையில், கேட்ட தேதிக்குள் நகல் எடுத்துக் கொடுத்தால் போதும். மூலப் பத்திரங்களை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். கேளாததை அள்ளிக் கொடுப்பதும் வேண்டாம். கேட்டதை மறைப்பதும் வேண்டாம். கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் ஏழாண்டுக் காலம் வைத்திருக்க வேண்டும் என்பது 82-ம் பிரிவின் விதி. கடைக் கணக்கைத் தமிழில் எழுதும் வழக்கம் உடையோர், இலாகா கேட்டால் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் புதிதாக வந்த கட்டளை அன்று. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனமாகிய சூரத்துல் பகராவின் 282-ம் வசனம், கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதே. அதை ஓதுகிற நாம், சரக்கு வாங்கிய சீட்டைக் கசக்கி எறிவது பொருந்துமா?

ஜகாத்தைப் பற்றிய கேள்வி

நம் சமூகத்தார்க்கு வரும் ஆதாரக் கடிதங்களில் ஜகாத்து பற்றியதும் ஒன்று. ஆகவே இதைத் தனியாகச் சொல்லுகிறோம். கடமையான ஜகாத்தையும் ஃபித்ராவையும் முறைப்படி செலுத்தியவருக்கு, அத்தொகை வருமானத்திலிருந்து அல்ல, வரியிலிருந்தே கழிக்கப்படுகிறது. ஒருவருக்கு வரி 1,400 வெள்ளி வருகிறது. அவர் அவ்வாண்டில் 1,000 வெள்ளி ஜகாத்து கொடுத்திருக்கிறார் என்றால், கட்ட வேண்டியது 400 வெள்ளிதான். ஜகாத்து 1,600 வெள்ளியாக இருந்தால் வரி இல்லை. ஆனால் மிஞ்சிய 200 வெள்ளி திரும்பவும் வராது, அடுத்த ஆண்டுக்கும் போகாது.

இதற்கு ரசீது வேண்டும். அதுவும் உரிய சமய அதிகார அமைப்பின் ரசீதாக இருக்க வேண்டும். பினாங்கில் அது ஜகாத் புலாவ் பினாங் நிலையம் தரும் ரசீதாகும். ரசீதின் தேதி அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்குள் இருத்தலும் அவசியம். ஊரிலுள்ள ஏழை உறவினருக்கு அனுப்பியதும், வாசலுக்கு வந்த மிஸ்கீனுக்குக் கையில் கொடுத்ததும் அல்லாஹ்விடத்தில் கூலிக்குரியவையாக இருக்கலாம். வரிப் பாரத்தில் கழிவுக்குரியவை அல்ல. அவற்றைப் பாரத்தில் எழுதிவிட்டு, கடிதம் வந்ததும் ரசீதுக்கு அலைவோரைப் பார்க்கிறோம். தவறாக எழுதியிருந்தால் அதை ஒப்புக்கொண்டு வித்தியாசத்தைக் கட்டுவதே முறை. இல்லாத ரசீதை உண்டாக்குவது வரிக்குற்றம் மட்டுமன்று. ஜகாத்தின் பெயரால் சொல்லும் பொய்யுமாகும்.

மதிப்பீட்டு அறிவிப்பும் முப்பது நாட்களும்

நிற்க. எல்லாக் கடிதங்களிலும் மிக முக்கியமானது 'நோத்திஸ் தக்சிரான்' என்னும் மதிப்பீட்டு அறிவிப்பு. 'தம்பாஹான்' என்ற சொல் சேர்ந்திருந்தால் அது கூடுதல் மதிப்பீடு. ஒரு மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இலாகா இவ்வாறு கூடுதல் வரி விதிக்கலாம். மோசடியோ, வேண்டுமென்றே செய்த தவறோ, அசட்டையோ இருந்தால் அந்தக் கால எல்லையும் இல்லை.

இக்கடிதம் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன. இரண்டிற்கும் முப்பது நாட்களே.

முதற் கடிகாரம் பணத்திற்கு. முப்பது நாட்களுக்குள் கட்டாவிட்டால் நூற்றுக்கு 10 கூடும். 8,000 வெள்ளி வரி என்றால் 800 வெள்ளி அநாவசியமாகப் போகும்.

இரண்டாம் கடிகாரம் நம் உரிமைக்கு. மதிப்பீடு தவறு என்று நினைத்தால், 99-ம் பிரிவின்படி பாரம் 'கியூ'வை நிரப்பி, காரணங்களை எழுதி, அதே முப்பது நாட்களுக்குள் இலாகாவிடம் சேர்ப்பிக்க வேண்டும். இலாகாவின் தலைமை அதிகாரி 12 மாதங்களுக்குள் அதை ஆராய்வார். உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் செல்லும். நாட்கள் கடந்துவிட்டால் பாரம் 'என்' மூலம் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அவகாசம் கேட்கலாம். ஆனால் அது கிடைத்தே தீரும் என்பதில்லை.

இதில் நம்மவர் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'மேல்முறையீடு போட்டாகிவிட்டது, தீர்ப்பு வரும்வரை கட்ட வேண்டாம்' என்று எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முறையீடு இருந்தாலும் வரியைக் கட்டியாக வேண்டும். பாக்கிக்காக இலாகா நீதிமன்றம் சென்றால், தொகை அதிகம் என்றோ, தவறு என்றோ, முறையீட்டில் இருக்கிறது என்றோ அங்கே வாதிட 106-ம் பிரிவு இடம் தருவதில்லை. முறையீடு ஒரு பாதை; பணம் செலுத்துவது வேறொரு பாதை. இரண்டிலும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். முறையீட்டில் வென்றால் அதிகமாகக் கட்டியது திரும்பி வரும்.

ஒரேயடியாகக் கட்ட இயலாதவர், கெடு முடியுமுன் இலாகாவுக்குச் சென்று தவணை கேட்க வேண்டும். முன்னால் போய்க் கேட்பவருக்கும், தேடி வந்து பிடிக்கப்பட்டவருக்கும் உள்ள வித்தியாசம், கடன் கொடுத்துப் பழகிய வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒப்புக்கொண்ட தவணையைத் தவறவிட்டால் அச்சலுகை போய்விடும். பாக்கி வைத்தவரை நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்கும் அதிகாரம் 104-ம் பிரிவில் உள்ளது. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ ஊருக்கோ புறப்படுவோர், டிக்கெட் வாங்குமுன் குடிநுழைவு இலாகாவின் இணையதளத்தில் தங்கள் பயணத் தடை நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பதில் எழுதும் முறை

பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மலாயில், நான்கைந்து வரிகளில், இந்தப் பொருள்பட இருந்தால் போதும்:

"தங்களது இன்ன எண்ணுள்ள, இன்ன தேதியிட்ட கடிதம் இன்ன தேதியில் கிடைத்தது. என் வருமான வரி எண் இது. தாங்கள் கேட்ட மூன்று ஆதாரங்களில் முதலாவதும் இரண்டாவதும் இத்துடன் உள்ளன. மூன்றாவதின் நகலுக்கு வங்கியில் எழுதிக் கேட்டிருக்கிறேன். அதைச் சேர்ப்பிக்க 14 நாள் அவகாசம் அளிக்குமாறு வேண்டுகிறேன்."

இதில் கோபமும் இல்லை, கெஞ்சுதலும் இல்லை. எது இருக்கிறது, எது இல்லை, இல்லாதது எப்போது வரும் என்பது மட்டும் இருக்கிறது. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குக. தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்துக்கொள்க.

நமக்காக எழுதிக் கொடுப்பவர் 153-ம் பிரிவின்கீழ் உரிமம் பெற்ற வரி முகவரா என்று கேட்டறிய வேண்டும். 'எனக்கு உள்ளே ஆள் தெரியும்' என்பவரிடம் கோப்பைக் கொடுக்கலாகாது. கையொப்பம் நம்முடையது; தவறானால் தண்டனையும் நம்முடையதே.

போலிக் கடிதங்கள்

அச்சத்தைக் காட்டிப் பணம் பறிப்போரும் இலாகாவின் பெயரை உபயோகிக்கிறார்கள். தொலைபேசியில் பேசி, 'இன்றே கட்டாவிட்டால் கைது' என்று மிரட்டுவதும், தனி ஆள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லுவதும், வங்கியின் ரகசிய எண்ணைக் கேட்பதும் மோசடிக்காரரின் வேலைகளே. சந்தேகம் வந்தால், வந்த கடிதத்திலோ செய்தியிலோ உள்ள எண்ணுக்குப் பேசாமல், இலாகாவின் கிளைக்கு நேரில் செல்லுக. அல்லது 'மைடாக்ஸ்' என்னும் அதன் தளத்தில் நம் கணக்கைத் திறந்து, பாக்கி உண்டா என்று பார்க்குக. அத்தளத்திலும் நமக்கு அறிவிப்புகள் வருவதால், தபால் வராவிட்டாலும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் உதவ வேண்டும்.

விலாசமும் வாரிசும்

முடிவாக இரண்டு விஷயங்கள்.

நமக்கு இலாகா அறிந்த கடைசி விலாசத்திற்குத் தபாலில் அனுப்பப்பட்ட அறிவிப்பு, நாம் திறந்தாலும் திறக்காவிட்டாலும், முறைப்படி சேர்ந்ததாகவே 145-ம் பிரிவின்கீழ் கருதப்படும். விலாசம் மாறினால் மூன்று மாதத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 89-ம் பிரிவு. கடை மாறியவர்களும், பிள்ளைகளோடு வேறிடம் குடிபோனவர்களும் இதை இன்றே செய்க.

வஃபாத்தானவர் பெயருக்கு வரும் கடிதத்தை, 'அவர்தான் போய்விட்டாரே' என்று எறிந்துவிடலாகாது. அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து வரிப் பாக்கியைத் தீர்க்கும் பொறுப்பு அதை நிர்வகிப்பவரைச் சேர்ந்தது. மய்யித்தின் கடனைத் தீர்த்த பின்னரே பாகப் பிரிவினை என்பது நம் மார்க்கம் அறிந்த முறைதானே? மரணத்தை இலாகாவுக்குத் தெரிவித்துக் கோப்பை முடித்துவைத்தால், விதவையாக நிற்கும் சகோதரிக்குப் பின்னாள் கவலை ஒன்று குறையும்.

இதைப் படித்து முடித்ததும் கல்லாப்பெட்டியின் கீழுள்ள அந்த இழுப்பறையைத் திறந்து பாருங்கள். திறக்காத உறை ஏதேனும் கிடந்தால், இன்றைய இஷாவுக்கு முன் அதைத் திறந்து தேதியைப் பாருங்கள். மலாய் விளங்காவிட்டால், பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முப்பது நாட்களில் எத்தனை மீதி இருக்கின்றன என்பது அப்போது தெரியும்.